விடுதி கேட் நேரம்: உறைவிட மேல்நிலைப் பள்ளிக்கு விதி எழுதும் முறை

உறைவிடப் பள்ளிகளின் விடுதிக் கையேடுகளில், பிள்ளைகள் உள்ளே திரும்ப வேண்டிய நேரத்தைக் குறிக்க "ஊரடங்கு நேரம்" என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் சங்கடமும் சேர்ந்தே வரும். ஊரடங்கு என்பது அரசு போடுவது. 2020க்குப் பிறகு அந்தச் சொல்லில் நோயின் வாடையும் ஏறிவிட்டது. விடுதியில் இருக்கிற பிள்ளைகளும் வாட்ச்மேனும் சமையற்காரரும் அதைக் "கேட் டைம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆகையால் நானும் கேட் நேரம் என்றே எழுதுகிறேன். கடலூர் மாவட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்து, மூன்று முறை இந்த விதியை எழுதி, இரண்டு முறை தவறாக எழுதியவன் என்ற தகுதியில், புதிதாக விடுதி தொடங்குகிற பள்ளிகளுக்கும் பழைய விதியைத் திருத்த நினைக்கிற தலைமையாசிரியர்களுக்கும் பயன்படும் வகையில் சிலவற்றைக் குறித்து வைக்கிறேன்.

நேரத்தை முடிவு செய்ய உட்காருவதற்கு முன், கேட் நேரம் எதற்கு என்பதைக் குழுவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலோர் "ஒழுக்கத்துக்கு" என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எழுதப்படும் விதி, தாமதமாக வருகிறவனை எப்படித் தண்டிப்பது என்பதிலேயே போய் முடிகிறது. குறிப்பிட்ட மணி அடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்கிறது என்பது பொறுப்புள்ள ஒரு பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டால், எழுத வேண்டிய வாசகங்களே மாறிவிடும்.

ஒரு நாளில் மூன்று நேரங்கள்

கையேட்டில் ஒரே ஒரு மணியைப் போட்டுவிட்டு அதையே எல்லாவற்றுக்கும் பொருத்துவது வழக்கமாக நடக்கும் பிழை. வெளியே சென்றவர்கள் பள்ளி வளாகத்துக்குள் திரும்ப வேண்டிய நேரம், இரவுப் படிப்பு முடிந்து விடுதிக் கட்டடத்துக்குள் வர வேண்டிய நேரம், விளக்கை அணைத்துப் படுக்க வேண்டிய நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. முதலாவது சாலையையும் இருட்டையும் பேருந்தையும் பொறுத்தது. இரண்டாவது வளாகத்தின் மேற்பார்வையைப் பொறுத்தது. மூன்றாவது உடம்பைப் பொறுத்தது. இவற்றைத் தனித்தனியாகத் தீர்மானித்து, தனித்தனியாகவே எழுத வேண்டும்.

இரண்டாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு அறையிலிருந்து விடுதிக்குப் போகும் பாதையில் விளக்கு எரிகிறதா, கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை ஒரு ஆசிரியர் நிற்கிறாரா என்று பார்த்து, படிப்பு முடிகிற நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் கழித்து இந்த நேரத்தை வைத்தால் போதுமானது.

சாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிற பிள்ளை எங்கே போகிறது? கடலூரில் என்றால் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெரு, பாடலீஸ்வரர் கோயில், மஞ்சக்குப்பம் மைதானம், தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை. அங்கிருந்து பள்ளி வாசலுக்கு வருகிற டவுன் பஸ் எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது எப்போது என்பதை விதி எழுதுகிறவர் ஒருமுறையாவது தாமே ஏறி வந்து பார்க்க வேண்டும். நான் முதலில் எழுதிய விதியில் மாலை 6 மணி என்று போட்டிருந்தேன். பள்ளி வழியாக வரும் பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு 6.10க்குத்தான் வரும் என்பது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை நாற்பது பிள்ளைகளை வாராவாரம் தாமதக்காரர்கள் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது இருட்டு. கடலூரில் ஜூலை மாதத்தில் சூரியன் மறைய ஏறக்குறைய 6.40 ஆகிவிடுகிறது, நவம்பர் கடைசியில் 5.40ஐ ஒட்டியே மறைந்துவிடுகிறது. ஒரு மணி நேர வித்தியாசம். ஆண்டு முழுவதற்கும் ஒரே மணியை வைத்தால், ஒன்று ஆடி மாதத்தில் பிள்ளைகளை வெளிச்சத்தில் அடைத்து வைப்பீர்கள், அல்லது கார்த்திகையில் அவர்களை இருட்டில் நடக்க விடுவீர்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை ஒரு நேரம், மற்ற மாதங்களுக்கு அரை மணி கூடுதலாக ஒரு நேரம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் பிரித்தால் வாட்ச்மேனுக்கும் குழப்பம், பிள்ளைகளுக்கும் குழப்பம்.

சொந்த ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும். காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வழியாக இரண்டு பஸ் மாறி வருகிறவனையும், மஞ்சக்குப்பத்தில் பேனா வாங்கப் போனவனையும் ஒரே மணியில் நிறுத்துவது நியாயம் ஆகாது. திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகள் நெய்வேலி, வடலூர் கடந்து வந்து சேர வேண்டும். ஞாயிறு மாலையில் அந்தப் பஸ்களில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். அவர்களுக்கு இரவு 8 மணி வரை இடம் கொடுத்து, முடியாதவர்கள் திங்கள் காலை முதல் பாடவேளைக்கு முன் நேராக வரலாம் என்ற வாசகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டில் எது என்பதைப் பெற்றோர் ஞாயிறு பிற்பகலுக்குள் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு அழைப்பைக் கட்டாயமாக்குவதில் மட்டும் தளர்வு கூடாது.

இந்த மாவட்டத்தில் மழையை விதிக்குள் எழுதாமல் விதி முழுமை அடையாது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் தானே புயல் கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. இவையெல்லாம் பள்ளி நடக்கிற மாதங்களில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தவை. ஆகவே, "வானிலை எச்சரிக்கை உள்ள நாளிலும், மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாளிலும் ஊரிலிருந்து புறப்பட வேண்டாம், வராதது தாமதமாகப் பதிவு செய்யப்படாது" என்று அச்சில் இருக்க வேண்டும். அச்சில் இல்லாவிட்டால், பயந்த பிள்ளை கொட்டுகிற மழையிலும் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடும். புறப்பட்ட ஒருவனை எனக்குத் தெரியும்.

தாமதமாக வருகிற பிள்ளை

2015 நவம்பர். அப்போது நான் வேலை பார்த்த பள்ளியின் வாயில் பலகையில், "இரவு 7.30 மணிக்குப் பிறகு கேட் திறக்கப்படாது" என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தோம். எழுதச் சொன்னவன் நானே. யாரையும் உண்மையில் வெளியே நிறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை; சும்மா ஒரு மிரட்டல், அவ்வளவுதான். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் தீபாவளி விடுமுறை முடிந்து ஊரிலிருந்து வந்தான். வழியில் தண்ணீர் நின்றதால் பஸ் சுற்றிக்கொண்டு வந்து, அவன் கேட்டுக்கு வந்தபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். பையன் பலகையைப் படித்தான், பூட்டைப் பார்த்தான், திரும்பித் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கே நடந்துபோய் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். மழைக்காக வீட்டிலேயே தங்கிவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம். விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று வீட்டில் நினைத்தார்கள். ஒன்பது மணி நேரம் அந்தப் பிள்ளை எங்கே என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

காலை ஐந்தரைக்கு அவன் கேட் அருகில் நின்றிருந்தான். சட்டை உடம்போடு ஒட்டிக் காய்ந்திருந்தது. கையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா. மூடி திறக்காமல், மேலே சுற்றிய பிளாஸ்டிக் பைகூட அவிழாமல் இருந்தது. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "லேட்டா வந்தா திறக்க மாட்டோம்னு போட்டிருக்கீங்களே சார்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, விதியைச் சரியாகப் படித்தவன் சொல்கிற குரலில் சொன்னான்.

அன்று மத்தியானமே பலகையை மாற்றினோம். புதிதாக எழுதியது இது: "கேட் நேரம் இரவு 8 மணி. அதற்குப் பிறகு எந்த நேரத்தில் வந்தாலும் கேட் திறக்கப்படும். மணியை அடிக்கவும். காரணத்தைக் காலையில் பேசிக்கொள்ளலாம்." கீழே காப்பாளரின் தொலைபேசி எண். இப்படி எழுதினால் தாமதம் பெருகிவிடும் என்று நிர்வாகத்தில் ஒருவர் எச்சரித்தார். எங்கள் பதிவேட்டில் அப்படி ஒன்றும் பெருகவில்லை.

எனவே தாமத விதியை எழுதும்போது வரிசை முக்கியம். முதல் வாசகம் கேட் திறக்கும் என்பதாக இருக்கட்டும். அடுத்து, கேட் நேரத்துக்குப் பிறகு பதினைந்து நிமிடத்தில் பெயர் கூப்பிட்டு வருகை சரிபார்க்கப்படும் என்பதும், வராத பிள்ளையின் வீட்டுக்கு அரை மணிக்குள் காப்பாளர் பேசுவார் என்பதும், ஒரு மணி நேரத்துக்குள் தகவல் கிடைக்காவிட்டால் தலைமையாசிரியருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லப்படும் என்பதும் வர வேண்டும். இவை பெரியவர்களுக்கான கடமைகள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்கான விளைவு கடைசியில் வரட்டும், அதுவும் சிறியதாக.

என்ன விளைவு? முழங்காலில் நிறுத்துவது, மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, சாப்பாட்டை நிறுத்துவது ஆகிய எதற்கும் இடமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்குத்தானே என்று வாதிடுகிறவர்கள், பதினெட்டு வயது வரை பொருந்தும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் 75ஆம் பிரிவையும் படித்துவிட்டு வாதிடலாம். காரணம் இல்லாமல் இரண்டாம் முறை தாமதமாக வந்தால் அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னதாகத் திரும்ப வேண்டும்; மூன்றாம் முறை என்றால் பெற்றோரோடு பேச வேண்டும். இதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. வீட்டுக்குப் பேசும் தொலைபேசி நேரத்தை மட்டும் எந்தக் குற்றத்துக்கும் வெட்டாதீர்கள். தாமதத்துக்கான காரணம் பல சமயம் அந்தத் தொலைபேசியில்தான் இருக்கிறது.

சமையலறையில் மூடி வைத்த ஒரு தட்டு எப்போதும் இருக்க வேண்டும் என்பதையும் விதியாகவே எழுதினோம். தாமதமாக வந்தவன் முதலில் சாப்பிடட்டும், பிறகு கேளுங்கள். பசியோடு நிற்கிற பிள்ளையிடம் கேட்டால் வாயில் வந்த பொய்தான் கிடைக்கும்.

தாமதமாக வந்த பிள்ளை, வழியில் தனக்கு யாரோ தீங்கு செய்ததாகச் சொன்னால், அது விடுதி விவகாரம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கேட் பலகையிலும், ஒவ்வொரு மாடியின் சுவரிலும் எழுதி வையுங்கள்.

தூக்கம்

பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட கணக்கு. அந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் சுரப்பும் சிறுபிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் சுரக்கிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது சோம்பலால் அல்ல. நம் விடுதிகளிலோ இரவு பத்தரை வரை படிப்பு, காலை நாலரைக்கு மணி. கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம்கூடத் தேறாது. விளக்கணைக்கும் நேரத்தை மட்டும் தனியாக எழுதுவதால் இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒரே வாசகத்தில் எழுதுங்கள்: "9.45க்கு விளக்கணைப்பு, 5.45க்கு எழுப்பும் மணி." பொதுத் தேர்வு நெருங்கும் பிப்ரவரியில் பிளஸ் டூ மாணவர்கள் பத்தரை வரை படிக்க விரும்பினால், தனி அறையில், ஒரு ஆசிரியர் உடனிருக்க, அனுமதிக்கலாம், ஆனால் அவர்களுக்கு எழுப்பும் மணி ஆறரைக்குத்தான் என்பது அதே வரியில் இருக்க வேண்டும். அதிகாலைப் படிப்பே மனதில் நிற்கும் என்று நம்புகிற தாளாளர்களோடு இதற்காக நான் பலமுறை மன்றாடியிருக்கிறேன், பாதிக்குமேல் தோற்றிருக்கிறேன்.

மாணவிகளுக்கு வேறு நேரமா?

வேண்டாம். கடலூரில் மாலை இருட்டு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை உள்ள சாலை மாணவிகளுக்குப் பாதுகாப்பாக இல்லை என்றால், பள்ளி வேனை நிறுத்தத்துக்கு அனுப்புவதும் விளக்குப் போடச் சொல்லி மனு கொடுப்பதும் நிர்வாகத்தின் வேலை. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு 9.30க்கு மேல் வெளியே செல்லக் கூடாது என்ற விடுதிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்ற கேள்வியே அங்கே எழுந்தது. அவர்கள் வயது வந்தவர்கள். நம் பிள்ளைகள் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்கள், ஆகையால் கேட் நேரம் வைக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. அந்த நேரத்தை மாணவனுக்கு ஒன்று, மாணவிக்கு ஒன்று என்று வைப்பதற்கான காரணம் மட்டும் யாராலும் இதுவரை எனக்கு ஒழுங்காகச் சொல்லப்படவில்லை.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வளாகக் கேட்டைப் பூட்டலாம். பிள்ளைகள் தூங்குகிற கட்டடத்தை வெளியிலிருந்து பூட்டக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோன தமிழ்நாட்டில் இதை விளக்க வேண்டியிருப்பதே வருத்தம். உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள், ஒவ்வொரு மாடியிலும் தூங்குகிற ஒரு பெரியவர், இரண்டாவது வெளியேறும் வழி ஆகியவற்றை விதியின் ஒரு பத்தியாகவே எழுதிவிடுங்கள்.

எழுதி முடிப்பதற்கு முன்பும் பின்பும்

வரைவைத் தலைமையாசிரியர் அறையில் மட்டும் வைத்துப் பேசாதீர்கள். வாட்ச்மேன், சமையற்காரர், ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பிள்ளைகள் ஆகியோரை ஒரு மணி நேரம் உட்கார வைத்து வரைவை வாய்விட்டுப் படியுங்கள். ஆசிரியர்களுக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றும். ரமலான் மாதத்தில் தராவீஹ் தொழுகை முடிய இரவு ஒன்பதைத் தாண்டிவிடும் என்பதையும், சஹருக்கு விடியலுக்கு முன்பே எழுந்து சாப்பிட வேண்டும் என்பதையும் எங்களிடம் சொன்னது ஒன்பதாம் வகுப்பு மாணவன்தான். அதுபோல வடலூர் தைப்பூச ஜோதி, தேவனாம்பட்டினத்து மாசி மகத் தீர்த்தவாரி, கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனை ஆகியவற்றுக்கு யாரோடு போகலாம், எப்போது திரும்பலாம் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே பட்டியலாக இணைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் காப்பாளரிடம் கெஞ்ச வேண்டிய நிலை இருக்காது. கெஞ்சத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் அனுமதி கிடைக்கிற விடுதி நல்ல விடுதி ஆகாது.

பெற்றோருக்கு அனுப்பும் தாள் ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற தாய்க்கும், திருப்பூரில் தங்கி வேலை செய்கிற தந்தைக்கும் பன்னிரண்டு பக்கக் கையேட்டைப் படிக்க நேரம் இல்லை. சேர்க்கை நாளில் அதை வாசித்துக் காட்டி, பிள்ளையை அழைத்துப்போக உரிமை உள்ளவர்கள் யார் யார் என்பதை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "மாமா வந்திருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் மாமா அல்ல.

வெளியேறும் பதிவேட்டில் பெயர், வகுப்பு, போகும் இடம், உடன் செல்பவர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், பார்த்தவர் கையெழுத்து என்று ஏழு கட்டங்கள் போதும். நேரத்தைக் கேட் அருகில் மாட்டிய ஒரே கடிகாரத்தைப் பார்த்து வாட்ச்மேன் எழுத வேண்டும், பிள்ளை எழுதக் கூடாது. அந்தக் கடிகாரத்தின் பேட்டரியை மாற்றுவது யார் பொறுப்பு என்றுகூட எழுதி வையுங்கள். எங்கள் கடிகாரம் ஒருமுறை பத்து நாட்கள் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடியது, அதில் நன்மை அடைந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பிள்ளைகள் போன மறுநாள், பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு தாமதங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். ஒரே பிள்ளையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இருபது நிமிடத் தாமதத்தில் வந்திருந்தால், போய்ப் பேச வேண்டிய இடம் பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர் அறை. நாங்கள் அப்படிப் போய்க் கேட்டு வந்த பிறகுதான் மழைக்காலக் கேட் நேரத்தை 6 மணியிலிருந்து 6.20க்கு மாற்றினோம், அதற்கு அடுத்த ஞாயிறு வட்டமிட இரண்டு பெயர்கள்தான் இருந்தன.